களிம்பு

வலப்பக்கம் திரும்பச் சிக்னல் போட்டால்
பின்விளக்கெல்லாம் சேர்ந்து கண்ணடிக்கிறது.
பிரேக்கை மிதித்தால் ரேடியோ செத்துப்போகிறது,
காலை எடுத்தால் பாதிச் செய்தியோடு
உயிர்த்தெழுகிறது.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு டொயோட்டா வான்.
மொன்றியல் தெருவில் கொட்டிய உப்பைப்
பதினெட்டுப் பனிக்காலம் தின்றது.
சனிக்கிழமைகளில் எழுநூறு இடியப்பம்
இதில்தான் ஊர் போகிறது.

ஜாரி வீதியில் பொலிஸ்காரி மறித்தாள்.
"மதாம், உங்கள் வாகனம்
எந்தப் பக்கம் போக நினைக்கிறது?"
நியாயமான கேள்வி.
நாற்பத்தெட்டு மணித்தியாலத்தில் பதில் தரும்படி
தாள் ஒன்று எழுதித் தந்தாள்.

வயர்க்கட்டு முழுக்க மாற்ற வேணும் என்றார்
கராஜ் ஜெகசோதி. ஆயிரத்து நானூறு.
இரும்புக்குப் போட்டால் நானூறு வரும் என்றார்
வீட்டுக்காரர் சிவலோகன், சோபாவில் இருந்தபடி.
நான் பதினேழு டொலருக்கு
ஒரு மீற்றர் வாங்கினேன்.

ஞாயிறு. மார்ச். மைனஸ் நாலு.
பின்ஒழுங்கையில், விரல்நுனி வெட்டிய கையுறையோடு.
பற்றரி முனையில் பூத்திருந்த வெள்ளைக்கு
அப்பச்சோடா கரைத்து ஊற்றினேன்.
சீறி, நுரைத்து, இறங்கிப் போயிற்று.
விளக்குகள் அப்படியேதான்.

மூன்று மாதமாய்
வரும் வழியையே பார்த்திருக்கிறேன்:
ஃபியூஸ், பல்பு, சுவிட்ச், மறுபடி ஃபியூஸ்.
திரும்பிப் போகும் வழியை
யார் பார்க்கிறார்கள்?
இடது விளக்கின் கறுப்பு வயரில்
ஒன்றுமே இருக்கக்கூடாத இடத்தில்
மூன்று தசம் ஏழு வோல்ட்.
போக வழியில்லாத மின்சாரம்
அடுத்த வீட்டு வாசலால் நுழைந்து
அங்கிருந்த விளக்கையும் எழுப்பியிருக்கிறது.

இதற்குப் பெயர் எர்த்.
ரப்பர்ச் சில்லு நாலில் நிற்கிற ஒன்று
மண்ணை எப்போது தொட்டது?
தன் உடம்பையே தரையென்று நம்பி
இத்தனை காலம் ஓடியிருக்கிறது.

பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினேன்,
கிளிப் ஒன்று உடைந்தது,
பத்து மில்லிமீற்றர் போல்ட்.
மயில்துத்தப் பச்சை.

செம்பில் களிம்பு!
சைவசமயப் பாடத்தில் ஐந்து புள்ளிக்கு
எழுதியிருக்கிறேன்:
செம்பு என்று உண்டோ அன்றே களிம்பும் உண்டு,
உயிருக்கு மலம்போல, தொடக்கம் இல்லாதது.
நாலரை கிடைத்தது.
இங்கே தொடக்கம் இருக்கிறது.
நகரசபை லொறி, முதல் பனி, நவம்பர்.

உப்புத்தாளால் தேய்த்தேன், தகடு வெளுத்தது.
வயரின் தோலை உரித்தால் உள்ளே கறுப்பு.
இன்னும் உரித்தேன், இன்னும் கறுப்பு.
செம்பு சிவக்கும்வரை வெட்டிக்கொண்டே போனதில்
நல்ல வயர் கிடைத்தது,
போல்ட்டை எட்டவில்லை.

வீட்டுக்குள் ஓடி
மூடி உடைந்த றைஸ் குக்கரின் வாலில்
ஒரு முழம் அறுத்து வந்தேன்.
முறுக்கி, நசுக்கி, லைட்டர் காட்டிச் சுருக்கி,
இறுக்கினேன்.
மேலே பூசுகிற பசைக்குக் கடைக்காரன்
பிரெஞ்சில் ஏதோ நீளமாய்ச் சொன்னான்.
நமக்கு அதுவும் களிம்புதான்.
தின்றதற்கும் தடவுவதற்கும் ஒரே சொல்.
விரலால் வழித்துத் தாராளமாகவே பூசினேன்.

மீற்றரில் சைபர் தசம் சைபர் இரண்டு.

பக்கத்து வீட்டு ஒடிலோன், ஹெய்ட்டிக்காரர்,
குப்பை வாளியோடு பின்னால் நின்று பார்த்தார்.
வலம் போட்டேன். "போன்!" என்றார்.
இடம் போட்டேன். "போன்! போன்!"
நான் சட்டைப்பையைத் தடவி
யார் அழைக்கிறார்கள் என்று பார்த்த பிறகுதான்
நல்லது என்கிறார் என்று விளங்கியது.

திங்கள் காலை தாளில் முத்திரை விழுந்தது.
திங்கள் மாலை ஹோர்ன் நின்றது.
ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தால் மட்டும்
அடிக்கிறது.
அடுத்த ஞாயிறு வரைக்கும்
வலப்பக்கத்தார்மேல் மட்டும்
கோபப்படலாம் என்றிருக்கிறேன்.